நடவா, நேரடி விதைப்பா, ஒற்றை நாற்றா: நிலம் கிடக்கும் இடத்தைப் பார்த்து முடிவெடுப்போம்

நெற்பயிரை வயலில் நிறுத்துவதற்கு இன்று உழவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. நாற்றங்காலில் வளர்த்த நாற்றைப் பிடுங்கிச் சேற்றில் நடுவது முதல் வழி. 8 முதல் 12 நாள் வயதுள்ள இளநாற்றை ஒற்றையாக, அகன்ற சதுர இடைவெளியில் நடுகிற திருந்திய நெல் சாகுபடி இரண்டாவது. முளைகட்டிய விதையைச் சேற்றில் தூவுவதோ உருளை விதைப்பான் கொண்டு வரிசையாக இடுவதோ மூன்றாவது. உழுது காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு மழைக்கோ முதல் பாய்ச்சலுக்கோ காத்திருப்பது நான்காவது. இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால், ஒவ்வொன்றுக்கும் உறுதியாகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பெரும்பாலும் அவரவர் நிலத்தில் உண்மையாகவும் இருக்கும். சிக்கல், ஒரு நிலத்தில் கண்ட உண்மையை வேறு கிடப்பில் உள்ள நிலத்துக்கு அப்படியே எடுத்துச் செல்வதில்தான் தொடங்குகிறது.

உலகின் நெல் பரப்பில் ஏறத்தாழ பாதிதான் பாசன வசதி பெற்ற தாழ்நிலம். ஆனால் மொத்த விளைச்சலில் முக்கால் பங்கு அங்கிருந்துதான் வருகிறது. மீதிப் பாதி, மழையை நம்பிய பள்ளப் பகுதிகள், வெள்ளம் நிற்கும் ஆற்றுப்படுகைகள், உப்பேறிய கடலோரங்கள், மலைச்சரிவுகள் எனப் பல வகைப்பட்டது. பரிந்துரைகள் பெரும்பாலும் முதல் பாதியில் உருவாகின்றன. அவற்றைக் கடைப்பிடித்து இழப்புக்கு ஆளாகிறவர்களோ இரண்டாம் பாதியில் இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் 1960இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐஆர்8 என்ற குட்டை இரகம் நீரும் உரமும் தடையின்றிக் கிடைத்த சமவெளிகளில் விளைச்சலை வெகுவாக உயர்த்தியது. ஆனால் முழங்காலுக்கு மேல் வெள்ளம் ஏறுகிற வயலில் குட்டைப் பயிரை வைத்து ஒருவர் என்ன செய்ய முடியும்?

ஒரே ஊரின் ஒரே சரிவில்கூட நிலம் ஒன்றல்ல. மேட்டுத் துண்டில் மண் பெரும்பாலும் மணற்பாங்காக இருக்கும்; பெய்த மழை இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். நடுச்சரிவில் நீர் சற்று நிற்கும். அடிப்பள்ளத்தில் மேலிருந்து கரைந்துவந்த வண்டலும் சத்தும் சேர்ந்து மண் கொழுத்திருக்கும். அதே பள்ளத்தில் ஊற்றுநீர் கசிந்து நிற்பதால் இரும்பு நச்சு ஏறி இலைகள் செம்பழுப்புப் புள்ளியோடு கருகுவதும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வயல்களில் இது பெருந்தொல்லை. ஆகவே 200 மீட்டர் தொலைவுக்குள் வறட்சியால் தோற்கிற துண்டும் நீர் மிகுந்து தோற்கிற துண்டும் ஒருவர் கையிலேயே இருக்கலாம். அவரிடம் போய் ஒரே முறையைச் சொல்லுவது, இரு வேறு நோயாளிகளுக்கு ஒரே மருந்தைக் கொடுப்பது போன்றது.

முறைகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைப் பற்றி ஒரு சொல். விளைச்சல் வேறு, வருமானம் வேறு. கணக்குக்காக ஒரு ஹெக்டேரை எடுத்துக்கொள்வோம். ஒரு முறையில் 6 டன் விளைகிறது, செலவு 4 டன் நெல்லின் விலைக்குச் சமம் என்றால் மிஞ்சுவது 2 டன். வேறொரு முறையில் 5 டன்தான் விளைகிறது, செலவு இரண்டரை டன்னுக்குச் சமம் என்றால் மிஞ்சுவது இரண்டரை டன். களத்தில் குவியல் சிறியது, கையில் நிற்பது பெரியது. இந்தக் கணக்கின் மறுபாதி அதைவிட முக்கியமானது: மழை பொய்த்தோ வெள்ளம் வந்தோ பயிர் பாழாகும் ஆண்டில் முதலாமவர் இழப்பது 4 டன், இரண்டாமவர் இழப்பது இரண்டரை. ஐந்தாண்டில் ஒருமுறை பயிர் போகிற நிலத்தில் இந்த வேறுபாடுதான் கடனில் மூழ்குவதா பிழைப்பதா என்பதை நிர்ணயிக்கிறது. எனவே ஒவ்வொரு முறையையும் நல்ல ஆண்டின் விளைச்சலை வைத்து மட்டும் எடைபோடுவதை நான் ஏற்கவில்லை.

பாசனச் சமவெளியில் தொடங்குவோம். இங்குதான் நான்கு முறைகளும் உண்மையாகவே போட்டியிடுகின்றன. நடவின் வலிமை நாற்றில் மட்டும் இல்லை, களையை அது முந்திக்கொள்வதில் இருக்கிறது. 25 நாள் நாற்று வயலுக்குள் வரும்போதே ஒரு சாண் உயரம் இருக்கும். உடனே தண்ணீரைத் தேக்கலாம். தேங்கிய நீருக்கடியில் பெரும்பாலான களைவிதைகள் முளைக்க மாட்டா. நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே நாளில் கண்விழிக்கின்றன. நெல் முளை நீருக்கு மேல் தலை தூக்கும்வரை தண்ணீரைத் தேக்கவும் முடியாது. அந்த முதல் 30, 40 நாள்களில் களையை அடக்கத் தெரிந்தவருக்கு நேரடி விதைப்பு இலாபம். தவறியவருக்கு நடவுக்கூலியில் மிச்சம் பிடித்தது முழுவதும் களையெடுப்பில் போய்விடும். நடவுக்கு ஆள் கிடைக்காத இடங்களில் நேரடி விதைப்பு பரவியதற்குக் காரணம் அதன் விளைச்சல் அல்ல, ஆளில்லாமைதான். அதை ஒளிக்காமல் சொல்வது நல்லது.

நேரடி விதைப்புப் பயிருக்கு நாற்றுப் பிடுங்கும்போது ஏற்படும் வேர் அறுபடல் இல்லை. ஆகவே 7 முதல் 10 நாள் முன்னதாக அறுவடைக்கு வந்துவிடும். இது சிறு ஆதாயமாகத் தோன்றலாம். ஆனால் பூக்கும் வேளையில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணிகள் பதராகும் என்பதை நினைத்தால், அந்த ஒரு வாரம் எந்தப் பக்கம் விழுகிறது என்பது பெரிய செய்தி. கோடை முடிந்து மழை தொடங்கும் காலத்தில் கதிர் வருமா, கோடையின் உச்சியில் வருமா என்று பின்னோக்கி எண்ணிப் பார்த்துத்தான் விதைப்பு நாளைக் குறிக்க வேண்டும்.

சேற்று விதைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வியட்நாமின் மீகாங் கழிமுகம் நல்ல சான்று. அங்கே அது பெருவழக்கு. ஆனால் களைக்கும் நத்தைக்கும் எலிக்கும் பயந்து ஹெக்டேருக்கு 150 முதல் 200 கிலோ வரை விதையைக் கொட்டினார்கள். பயிர் அடர்ந்தது, அடர்ந்த பயிரில் குலைநோயும் புகையான் பூச்சியும் ஏறின, அதற்கு மருந்து, மெலிந்த தண்டு சாய்ந்து விழ மேலும் இழப்பு. இந்தச் சுழலிலிருந்து வெளிவரத்தான் ‘ஒன்று கட்டாயம், ஐந்து குறைப்பு’ என்ற திட்டத்தை அந்நாட்டில் கொண்டுவந்தார்கள். சான்று பெற்ற விதை கட்டாயம். விதையளவு, உரம், பூச்சிமருந்து, தண்ணீர், அறுவடைக்குப் பிந்திய சேதாரம் ஆகிய ஐந்தையும் குறைக்க வேண்டும். கவனித்துப் பாருங்கள்: அந்தப் பட்டியலில் விளைச்சலைக் கூட்டு என்ற கட்டளையே இல்லை. வருமானம் உயரும் வழியை அவர்கள் செலவுப் பக்கத்தில் கண்டார்கள். மலேசியாவின் அனுபவம் மற்றோர் எச்சரிக்கை. அங்கே நேரடி விதைப்பு நிலைபெற்ற பகுதிகளில் களைநெல் என்னும் உதிரும் நெல் பெருகியது. அது நெல்லின் உறவு. இளமையில் பார்வைக்கு நெல்லேதான். நெல்லைக் காக்கும் களைக்கொல்லிகள் அதையும் சேர்த்தே காக்கும். எனவே தொடர்ந்து பல பருவம் நேரடி விதைப்பையே செய்வதைவிட, இடையில் ஒருமுறை நடவுக்குத் திரும்பிக் களைநெல்லை முளைக்கவிட்டு உழுது மடக்குவது புத்திசாலித்தனம்.

திருந்திய நெல் சாகுபடியைப் பற்றி அன்போடும் நேர்மையோடும் பேச வேண்டும். மடகாஸ்கரில் பணியாற்றிய ஆன்றி தெ லொலானியே என்ற இயேசு சபைத் துறவி 1980களின் தொடக்கத்தில், ஏழை உழவர்களுடன் வயலில் நின்று கண்டெடுத்த முறை அது. 10 நாள் நாற்று ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: இரண்டே இலை, நூல் போன்ற வேர், அடியில் உமியோடு விதை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த விதையில் மிச்சமிருக்கும் மாவுதான் அதன் கட்டுச்சோறு. அது தீர்வதற்குள், வேர் மேல்நோக்கி மடங்காமல், பிடுங்கிய அரைமணிக்குள் நட்டுவிட்டால், ஒரு நாற்றே அடுத்த சில வாரங்களில் பல தண்டுகள் கிளைத்த பெருந்தூராக விரியும். விதைத் தேவை மிகக் குறைவு. உருளும் களைக்கருவி களையை அமுக்குவதோடு மண்ணுக்குக் காற்றும் ஊட்டுகிறது. இவை மெய். அதே அளவுக்கு மெய்யானது, இந்த நாற்று நான்கு விரல் நீரில்கூட மூழ்கிப்போகும் என்பதும், சமப்படுத்தாத வயலில் பள்ளத்து மூலையெல்லாம் சொட்டையாகிவிடும் என்பதும். நீரை வேண்டும்போது விடவும் வேண்டாதபோது வடிக்கவும் முடிகிற வயலில் மட்டுமே இது தன் முழுத்திறனைக் காட்டும். பிறந்த மண்ணிலேயே பல ஏழை உழவர்கள் இதைச் செய்துபார்த்துக் கைவிட்டார்கள். விளைச்சல் குறைந்ததால் அல்ல. இந்த முறை கூடுதல் உழைப்பைக் கேட்ட அதே வாரங்களில்தான் அவர்கள் அன்றாடச் சாப்பாட்டுக்காகப் பிறர் வயலில் கூலிக்குப் போக வேண்டியிருந்தது. குடும்பத்தில் ஆள்பலம் உள்ள சிறு நிலத்தாருக்கு இதை மனமார பரிந்துரைப்பேன். முழுவதும் கூலியாளை நம்பியவர் முதலில் ஒரு துண்டில் மட்டும் செய்து பார்க்கட்டும்.

தண்ணீர்ச் செலவைக் குறைக்க ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று பழகிய சொல்லே இருக்கிறது. மழையும் பாசனமும் சேர்த்து ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் வயலுக்குள் போகிறது என்னும்போது இதன் முக்கியம் விளங்கும். செய்முறை எளியது. ஒரு முழத்துக்கும் குறைவான, சுற்றிலும் துளையிட்ட குழாயை வயலில் பாதிக்கு மேல் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். மேற்பரப்பில் நீர் வற்றிய பிறகும் குழாய்க்குள் நீர்மட்டம் தெரியும். அது தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை கவலையில்லை. இறங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மறுபடி பாய்ச்சலாம். பூக்கும் காலத்தில், முன்னும் பின்னும் ஒரு வாரம், நீர் நிற்க வேண்டும். மேலே மண் வெடித்திருக்கிறதே என்று பதறும் உழவர் குழாய்க்குள் எட்டிப் பார்த்து, ஒரு சாணுக்குள் தண்ணீர் மின்னுவதைக் கண்டதும் அடங்கிவிடுவார்; அந்த ஒரு பார்வை பத்து அறிவுரைக்குச் சமம். இம்முறையால் 30 விழுக்காடு வரை பாசன நீர் மிச்சமாகிறது. புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவின் வெளியேற்றமும் ஏறக்குறைய பாதியாகக் குறையக்கூடும். ஆனால் மிச்சமான நீர் யாருடைய பணமாகிறது? எண்ணெய் ஊற்றி இயந்திரம் ஓட்டுபவருக்கு ஒவ்வொரு பாய்ச்சலும் செலவு. ஆகவே அவர் கையில் காசு மிஞ்சும். பரப்புக்கு இவ்வளவு என்று தண்ணீர்த்தீர்வை கட்டுபவருக்கும், வங்கதேசத்தின் பல பகுதிகளைப் போல இறைவை இயந்திரம் வைத்திருப்பவருக்குப் பருவத்துக்கு ஒரே தொகையோ விளைச்சலில் பங்கோ தருபவருக்கும் ஒரு காசும் மிஞ்சாது. கடைமடைக்காரர் பயன்பெற வேண்டுமானால் தலைமடையில் உள்ளவர் வயலைக் காயவிட வேண்டும். தனி உழவரின் தேர்வாக இதை விட்டுவிட்டால் நடக்காது. வாய்க்காலை நம்பிய அனைவரும் முறைவைத்துக் கூடிச் செய்ய வேண்டியது இது.

புழுதி விதைப்பு பாசன நிலத்திலும் உண்டு. இந்தியாவின் பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்கியதால், ஜூன் 10க்கு முன் நடவு செய்யக் கூடாது என்று 2009இல் சட்டமே வந்தது. அங்கே நெல்லுக்குப் பின் கோதுமை வருகிறது. சேற்றுழவு மண்ணின் கட்டமைப்பைக் குலைத்து அடியில் இறுகிய படலத்தை உண்டாக்குவதால் கோதுமையின் வேர் தவிக்கிறது. புழுதியில் விதைத்தால் அந்தக் கேடு இல்லை. இத்தகைய நிலத்தில் இரு பயிரின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் மணற்பாங்கான மண்ணில் நீர் தேங்காத நெற்பயிருக்கு இரும்புச்சத்துக் குறைந்து இளம் இலை வெளுக்கும். அத்தகைய மண்ணில் இம்முறையை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

மழையை நம்பிய பள்ளநிலத்துக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. இங்கே நடவின் பெரிய ஆபத்து, நாற்று காத்திருக்க வேண்டிவருவது. நாற்றங்கால் போட்டாயிற்று, சேறடிக்கப் போதிய மழை வரவில்லை, நாற்று 40 நாள், 50 நாள் என்று முற்றுகிறது. முற்றிய நாற்று நட்டபின் தூர் கட்டாது. புழுதி விதைப்போ முதல் மழையின் சிறு ஈரத்தையே பிடித்துக்கொண்டு முளைத்துவிடும். பருவம் முன்கூட்டித் தொடங்குவதால் கடைசி வறட்சிக்கு முன்பே கதிர் முற்றும். மழை இடையில் நின்றால் முளை கருகும் என்பது அதன் விலை. மறுவிதைப்புக்கு விதை கையிருப்பு இருக்கிறதா என்பதை முடிவெடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே சரிவில் துண்டுகள் வைத்திருப்பவருக்கு என் எண்ணம் தெளிவானது: மேட்டுத் துண்டில் குறுகிய வயது இரகத்தைப் புழுதியில் விதைக்கலாம், அடித்துண்டில் நடலாம். கூலியாள் தேவையும் இதனால் இரு வேறு வாரங்களில் பிரிந்துபோகும்.

வடகிழக்குத் தாய்லாந்து இந்த வகை நிலத்துக்கே எடுத்துக்காட்டு. மண் மணற்பாங்கு, சத்து குறைவு, மழை நிச்சயமில்லை. ஹெக்டேருக்கு 2 டன் ஒட்டித்தான் விளைகிறது. ஆயினும் அங்கே 1959இல் ஏற்கப்பட்ட காவ் தாக் மாலி 105 என்ற மணமிக்க இரகத்தை இன்றுவரை விடவில்லை. பகல்பொழுது குறுகுவதை உணர்ந்து பூக்கும் இரகமாதலால், விதைப்பு முந்தினாலும் பிந்தினாலும் மழை ஓயும் காலத்தில் சரியாகக் கதிர் விடுகிறது. அதன் மணத்துக்கு அதிக விலையும் கிடைக்கிறது. உயர் விளைச்சல் இரகத்தை வைத்து உரம் கொட்டியிருந்தால் அந்த மண்ணில் விளைச்சல் சற்று ஏறியிருக்கலாம். வருமானம் ஏறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

பள்ளம் மேலும் ஆழமாகி வெள்ளம் மூடுகிற இடத்தில், முறையைவிட இரகம்தான் முதலில் வரும். ஒடிசாவின் பழைய இரகமான எஃப்ஆர்13ஏ வெள்ளத்துக்குள் வளர்ச்சியை அடக்கி, மாவுச்சத்தைச் சேமித்து, நீர் வடிந்ததும் மறுபடி தழைக்கும். அந்தப் பண்புக்குரிய சப்1 மரபணுப் பகுதியைப் பரவலாகப் பயிரிடப்படும் சுவர்ணா இரகத்தில் சேர்த்து உருவாக்கிய சுவர்ணா-சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. ஏறத்தாழ இரண்டு வாரம் முழுக்க மூழ்கினாலும் பிழைக்கிறது. மூழ்காத ஆண்டில் பழைய சுவர்ணாவைப் போலவே விளைகிறது என்பதுதான் உழவருக்கு இதிலுள்ள சிறப்பு. காப்புக்கென்று தனியாக எதையும் இழக்க வேண்டியதில்லை. ஆனால் நீர் வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் ஆழமாக நிற்கும் ஆற்றுப்படுகையில் அடங்கிக் கிடப்பது பயன்படாது. அங்கே நீரோடு போட்டியிட்டு நாளுக்கு ஒரு சாண்வரைகூட நீளக்கூடிய ஆழ்நீர் நெல்தான் ஏற்றது. அதைப் பெரும்பாலும் வெள்ளம் வருமுன் புழுதியில் விதைத்துவிடுகிறார்கள்.

கடலோர உவர்நிலத்தில் நான் தயங்காமல் நடவின் பக்கம் நிற்பேன். நெல் உப்பைத் தாங்கும் திறன் எல்லாப் பருவத்திலும் ஒன்றல்ல: முளைக்கும்போதும் தூர்கட்டும்போதும் ஓரளவு தாங்கும், இளநாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும் சற்றும் தாங்காது. மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவான மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் சரியத் தொடங்கி, ஒவ்வோர் அலகு உயர்வுக்கும் சுமார் 12 விழுக்காடு குறைகிறது. எனவே இளநாற்றுப் பருவத்தை நன்னீர் நாற்றங்காலில் கழித்து, முதல் மழைகள் வயலின் உப்பைக் கழுவியபின், 30 நாளுக்கு மேல் வளர்ந்த வலுவான நாற்றை நெருக்கி நடுவதே முறை. சமவெளியில் குறையாகச் சொல்லப்படும் முதிர்ந்த நாற்று இங்கே அரணாகிவிடுகிறது. கேரளத்தின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் உப்புதாங்கும் உயரமான நெல்லும், உவர்நீர் ஏறும் மாதங்களில் இறாலும் மாறிமாறி வருகின்றன. இங்கே வருமானத்தை நெல் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆகவே நெல்லின் விளைச்சலை உயர்த்தப் பூச்சிமருந்து அடிப்பவர், அடுத்து வரும் இறாலின் கழுத்தில் கைவைக்கிறார்.

மலையில் தேர்வுகள் சுருங்கிவிடுகின்றன. படிக்கட்டு வயலில் ஒவ்வொரு துண்டும் மேல்துண்டின் நீரை வாங்கிக் கீழ்த்துண்டுக்குக் கொடுப்பதால் ஒருவர் தன் விருப்பப்படி காயவிட முடியாது. வரப்பு வெடித்தால் கீழேயுள்ளவர் வயலும் போகும். கதிர் உருவாகும் காலத்துக் குளிர் மற்றொரு பகை. ஜப்பானின் ஹொக்கைடோவில் அப்பருவத்தில் வயலில் நீரை ஆழமாக நிறுத்தி, தண்டுக்குள் இருக்கும் இளங்கதிரைக் குளிரிலிருந்து காக்கிறார்கள். வரப்பே இல்லாத சரிவுகளில் குத்துக்கோலால் குழியிட்டு விதைப்பதுதான் நடக்கக்கூடியது. அந்த அமில மண்ணில் முதலில் தீர்க்க வேண்டியது மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறையே. ஆசிய நெல்லையும் ஆப்பிரிக்க நெல்லையும் இணைத்து உருவாக்கிய நெரிகா இரகங்கள் இத்தகைய மேட்டுநிலங்களை மனத்தில் வைத்து வந்தவை.

உரத்தையும் அறுவடையையும் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். இட்ட தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 விழுக்காடுதான். வயல் மாறிமாறிக் காய்ந்து நனையும்போது இழப்பு இன்னும் கூடும். புழுதி விதைத்தவர் யூரியாவைக் காய்ந்த மண்ணில் இட்டு உடனே பாய்ச்ச வேண்டும்; அடியுரமாகக் கொட்டுவது வீண். அறுவடையின்போது மணியில் 20 முதல் 25 விழுக்காடு ஈரம் இருக்கும். சேமிக்க 14க்குக் கீழே இறங்க வேண்டும். நடவும் விதைப்பும் கலந்து செய்தவருக்கு எல்லாத் துண்டும் ஒரே நாளில் முற்றாது என்பதால் இயந்திரத்துக்குக் காத்திருந்து மணி உதிரும் இழப்பு குறையும். களமும் நெருக்கடியில்லாமல் இருக்கும்.

முடிவெடுக்க வேண்டியவர் நிலத்துக்குச் சொந்தக்காரரா, குத்தகைக்காரரா என்பதும் கணக்கில் வர வேண்டும். வயலைச் சமப்படுத்துவது நேரடி விதைப்புக்கும் ஒற்றை நாற்றுக்கும் உயிர்நாடி. ஆனால் அதன் பலன் பல ஆண்டுக்கு நீள்வது. அடுத்த பருவம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவரைச் சமப்படுத்தச் சொல்வது நியாயமில்லை. அவருக்கு நடவே பொருந்தும், ஏனெனில் மேடு பள்ளத்தை நாற்றின் உயரம் ஓரளவு சரிக்கட்டிவிடும்.

இன்னும் தயக்கம் உள்ளவர் ஒரு பருவத்தைச் சோதனைக்கு ஒதுக்கலாம். மழை பெய்த மறுநாளும் நான்காம் நாளும் ஒவ்வொரு துண்டுக்கும் சென்று, நீர் எங்கே நிற்கிறது, எங்கே கால் புதைகிறது, எங்கே மண் வெளுத்துவிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீர் நான்கு நாளும் நின்ற துண்டில் நடுங்கள். வற்றிய துண்டில் கால்பங்கை மட்டும் விதைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் போன ஆள்நாள்களை, களையெடுத்தது உட்பட, அன்றன்றே எழுதிவையுங்கள். குடும்பத்தார் உழைத்த நாள்களையும் அதே ஏட்டில் சேருங்கள். பெரும்பாலான கணக்குகளில் விடுபட்டுப்போவது, களையெடுக்கும் பெண்களின் உழைப்புதான்.